தாழ்ப்பாள் உள்பக்கம்

ஜூன் 4, புதன்

மேசையின் மூன்றாவது இழுப்பறை இன்றுதான் சொன்ன பேச்சைக் கேட்டது. இரண்டு நாளாக முக்கால்வாசி போய் முரண்டு பிடித்துக்கொண்டிருந்தது. ஓரத்தை இழைப்புளியால் லேசாக இழைத்து மெழுகு தடவினேன். இப்போது சுண்டுவிரலால் தள்ளினாலே போகிறது. மூன்று முறை திறந்து மூடிப் பார்த்தேன். பொய். பத்துப் பதினைந்து முறை இருக்கும்.

இது பூனைக்கான மேசை. பூனை என் கணவரின் மகள். நடந்தால் சத்தமே கேட்காது என்பதால் அந்தப் பெயர். வயது பதினாறு. அவளைப் பெற்றவள் போனதிலிருந்து அத்தை வீட்டில் வளர்கிறாள். நானும் அவரும் கல்யாணம் செய்துகொண்டு ஒரு வருடம் ஆகப்போகிறது. எங்களோடு வந்து இரு என்று கேட்டதற்கு, "வீடு முடியட்டும், பாக்கலாம்" என்றாள். அந்தப் 'பாக்கலாம்' ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் அவர் தூங்குகிறார். நானும்தான்.

இத்தனை வருடம் அடுத்தவர் வீட்டுக்குத்தான் கட்டிலும் அலமாரியும் செய்தேன். போகிற வீடெல்லாம் தீப்பெட்டி அடுக்கினாற்போல் அறைகள். அதனால் என் வீட்டுக்குப் படம் போட்டபோது சுவர்களையெல்லாம் துரத்திவிட்டேன். கூடம், சமையல், சாப்பாடு எல்லாம் ஒரே இடம். மாடியில் இரண்டு அறைகள். இரண்டிலும் கூடத்தைப் பார்த்த பக்கம் சுவர் இல்லை, இடைவெளி விட்டு மரச்சட்டங்கள் பதித்த தடுப்புதான். ஒவ்வொரு சட்டமும் நான் இழைத்தது. வாசலுக்கு ஒரு கதவு, குளியலறைக்கு ஒரு கதவு. அவ்வளவுதான்.

மேஸ்திரி இன்றும் மாடியைப் பார்த்துவிட்டு, "கதவு இன்னும் தச்சு முடியலயாம்மா?" என்றார். கதவே கிடையாது என்றேன். "அப்ப திருடனுக்கு ரொம்ப வசதி. முட்டிக்காம நடக்கலாம்." வாய்க்கு ஒன்றும் குறைச்சல் இல்லை.

ஜூன் 8, ஞாயிறு

பூனை வந்தாள், நாத்தனாரோடு! காலையிலிருந்து எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

என்னை எப்படிக் கூப்பிடுவது என்று அவளுக்கு இன்னும் முடிவாகவில்லை. "வந்து..." என்று ஆரம்பிப்பாள். நான் திரும்பிப் பார்த்ததும் மிச்சத்தைச் சொல்வாள்.

மாடியில் அவளுக்கென்று வைத்த அறையில் கட்டிலைத் தடவினாள். மூன்றாவது இழுப்பறையைத்தான் இழுத்தாள், எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "வந்து... இதுக்குப் பூட்டு இருக்கா?" என்றாள். "நம்ம வீட்ல யாரு திறக்கப்போறா? பூட்டெல்லாம் எதுக்கு?" என்றேன், என்னவோ பெரிய மனசுக்காரி மாதிரி. தலையாட்டினாள். படுத்துக்கொண்டே கீழே அப்பா என்ன செய்கிறார் என்று பார்க்கலாம் பார் என்று தடுப்பையும் காட்டினேன். அதற்கும் தலையாட்டினாள்.

நடுவில் அவளுடைய சிநேகிதி கூப்பிட்டாள். போனோடு குளியலறைக்குள் போனவள் ரொம்ப நேரம் வெளியே வரவில்லை. அவர்கள் கிளம்பிய பிறகு பார்த்தால் உள்ளே வாளி கவிழ்ந்து கிடந்தது. நிமிர்த்தி வைத்தேன்.

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே "நல்லா இருக்கு" என்றாள். நல்லா இருக்கு! அவருக்குத் தலைகால் புரியவில்லை.

ஜூன் 9

வரமாட்டாளாம்.

ஜூன் 10

நேற்று எழுத முடியவில்லை. நாத்தனார்தான் போன் செய்தார். "அவ இங்கயே இருந்துக்கிறாளாம். ஏன்னு கேட்டா வாயத் திறக்க மாட்டேங்குறா. நீ தப்பா எடுத்துக்காதம்மா."

நான் எப்படி எடுத்துக்கணும்? என்ன குறை வச்சேன்? கட்டில், மேசை, புத்தக அடுக்கு, எல்லாம் அவளுக்குத்தானே முதல்ல செஞ்சேன், எனக்கு உட்கார ஒரு முக்காலிகூட இன்னும் இல்ல — வேணாம்னா வேணாம்னு அங்கயே சொல்லியிருக்கலாமே. 'நல்லா இருக்கு'ன்னு எதுக்குச் சொல்லணும்? நடுவுல வந்தவதானேன்னு நினைப்பா?

அவர் சாப்பிட்ட தட்டைக் கழுவினார். கழுவிய தட்டை எடுத்து மறுபடியும் கழுவினார்.

ஜூன் 15, ஞாயிறு

குடி வந்துவிட்டோம். மூட்டை பிரிக்க மனசில்லை.

ஜூன் 22, ஞாயிறு

எப்படி எழுதுவது? நடந்தபடியே எழுதுகிறேன்.

காலையில் காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். மாடியில் அவர் பூனையின் கட்டில் ஓரத்தில் சும்மா உட்கார்ந்திருப்பது தடுப்பு வழியாகத் தெரிந்தது. நான் பார்ப்பது அவருக்கும் தெரிந்துவிட்டது. சட்டென்று எழுந்து ஜன்னலைத் துடைக்க ஆரம்பித்தார். சுத்தமான ஜன்னல். துணியும் இல்லை, உள்ளங்கையால் துடைக்கிறார்.

கத்தியைக் கீழே வைத்தேன். அழுதால் அவர் பார்ப்பார். கூடத்தில் நின்றால் மாடிக்குத் தெரியும், மாடியில் நின்றால் கூடத்துக்குத் தெரியும். ஆசை ஆசையாக நான் போட்ட படம்! கடைசியில் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டு, வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்து, ஆசை தீர அழுதேன்.

மூக்கைச் சிந்திவிட்டுத் திரும்பினால் கீழே வாளி. கவிழ்ந்தபடி.

அப்போதுதான் மண்டையில் உறைத்தது. அன்றைக்கு அவளும் இதன்மேல்தான் உட்கார்ந்து பேசியிருக்கிறாள். அத்தனை பெரிய வீட்டில் அவளுக்குக் கிடைத்த ஒரே அறை! பதினாறு வயதுப் பெண்ணுக்குக் கூண்டு மாதிரி ஒன்றைக் கட்டிவைத்து, உள்ளே படுத்துக்கொண்டு அப்பாவைப் பார் என்றிருக்கிறேன். பூட்டு கேட்டதற்குப் பெருமையாக ஒரு பதில் வேறு.

அவள் என்னை வேண்டாம் என்று சொல்லவில்லை. அல்லது, என்னை மட்டும் சொல்லவில்லை. வெட்கத்தோடு ஒரு நிம்மதியும் வந்தது. சுவர் என்றால் எனக்கு வைக்கத் தெரியும், கதவு என்றால் செய்யத் தெரியும்.

ஜூன் 23

மேஸ்திரியைக் கூப்பிட்டேன். தடுப்பைக் கழற்றிவிட்டுச் சுவர் எழுப்பி, கதவுக்கு நிலை வைக்க வேண்டும் என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் திருடனைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. நல்ல மனிதர்.

மரத்துக்கு எங்கே போவது? சாப்பாட்டு மேசைக்கென்று எடுத்துவைத்த தேக்குப் பலகைகள்தான் இருக்கின்றன. நன்றாகக் காய்ந்தவை, ரேகை ஓடுவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். அதில் அளவுக்கோடு போடும்போது, நேற்று ராத்திரியே வாளிக் கதையைக் கேட்டிருந்த அவர் வந்து நின்றார். "அப்ப சாப்பாட்டு மேசை?"

"மடியில வச்சுச் சாப்பிடலாம்."

கொஞ்சம் யோசித்து, "நம்ம ரூமுக்கும் கதவு உண்டா?" என்றார்.

"உங்களுக்கு வாளி இருக்கு."

இந்த வீட்டுக்கு வந்த பிறகு இன்றுதான் அவர் சிரித்தார்.

ஜூன் 29, ஞாயிறு

நாத்தனார் வீட்டுக்குப் போன் செய்து பூனையிடம் கொடுக்கச் சொன்னேன். வா என்று கெஞ்சக் கூடாது என்று எனக்கு நானே சத்தியம் வாங்கிக்கொண்டிருந்தேன்.

"உன் ரூமுக்குக் கதவு செய்றேன். உள்பக்கம் திறக்கணுமா, வெளிப்பக்கமா?"

போனை வைத்துவிட்டாளோ என்று நினைத்தேன்.

"உள்பக்கம்."

"சரி."

"வந்து... தாழ்ப்பாள்?"

"உண்டு. உள்ள மட்டும்தான். வெளியேருந்து யாராலயும் திறக்க முடியாது."

"அந்தத் தடுப்பு?"

"எடுத்தாச்சு. சுவர் வச்சாச்சு."

"ம்."

அந்த 'ம்' என்னவென்று அவரிடம் நாலு விதமாகச் சொல்லிக் காட்டினேன். அவருக்கும் தெரியவில்லை.

ஜூலை 12, சனி

கதவை மாட்டியாயிற்று. நல்ல கனம். அவர் கீழே முட்டுக்கொடுக்க, நான் கீலை முடுக்கினேன். மேசை இழுப்பறைக்கும் பூட்டு போட்டுவிட்டேன். இரண்டு சாவி வந்தது, இரண்டையும் அவள் மேசைமேலேயே வைத்திருக்கிறேன்.

கண்ணை உறுத்துகிறது, உண்மையைச் சொன்னால். அந்தச் சுவர் என் கூடத்துக்கு வந்த வெளிச்சத்தில் பாதியைத் தின்றுவிட்டது. தின்னட்டும்.

ஜூலை 20, ஞாயிறு

வந்துவிட்டாள். இரண்டு பை. "ஒரு மாசம் இருந்து பாக்கட்டும்" என்கிறார் நாத்தனார். மாடிக்குப் போனாள். கதவு சாத்தும் சத்தம் கேட்கவில்லை, தாழ்ப்பாள் விழுவது மட்டும் கேட்டது. அவர் என்னைப் பார்த்தார். நான் அடுப்பைப் பார்த்தேன்.

ஜூலை 24

மூவரும் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டோம். குழம்பு அவர் சட்டையில். பூனை சிரித்துவிட்டு, சிரித்ததை மறைக்கத் தண்ணீர் குடித்தாள்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

மடித்த துணிகளை இரண்டு கையிலும் தாங்கிக்கொண்டு மாடியேறினேன். அவள் கதவு வெறுமனே சாத்தியிருந்தது. யோசிக்காமல் இடுப்பால் தள்ளி உள்ளே நுழைந்துவிட்டேன். கட்டிலில் சாய்ந்து போனில் பேசிக்கொண்டிருந்தவள் துள்ளி எழுந்தாள்.

"அய்யோ சித்தி! தட்டிட்டு வர மாட்டீங்களா?"

துணியைப் பிடுங்கிக்கொண்டு, என்னை வெளியே தள்ளி, படீரென்று சாத்தினாள். புதுச் சுவரிலிருந்து சுண்ணாம்பு கொஞ்சம் உதிர்ந்து என் தலையில் விழுந்தது. பூனைக்கு இவ்வளவு குரலா!

கீழேயிருந்து அவர் பதறிப்போய், "என்னாச்சு? என்ன சத்தம்?" என்றார்.

கதவில் கை வைத்தபடியே நின்றேன்.

"ஒண்ணுமில்லைங்க" என்றேன். "கதவு நல்லா சாத்துது."