ராணி படியிறங்கும் காட்சி

மார்ச் 4, செவ்வாய்

திரைச்சீலைகளைத் துவைத்தாயிற்று. மருமகள் முகம் சரியில்லை. அவள் வேலை செய்யும் அனிமேஷன் படத்தில் (தேவதைக் கதையாம், நகைச்சுவையாம்) ராணி படியிறங்கும் காட்சியை இயக்குநர் இரண்டு முறை திருப்பி அனுப்பிவிட்டார். மூன்றாவது முறையும் பிடிக்காவிட்டால் வேறொருவர் கைக்குப் போய்விடும்.

மார்ச் 6, வியாழன்

"அத்தை, நீங்க மாடிப்படி இறங்கறத வீடியோ எடுத்துக்கட்டுமா? அதைப் பார்த்துத்தான் ராணிக்கு நடை போடணும்."

பள்ளியில் கன்னியாஸ்திரீகள் தலையில் புத்தகம் வைத்து நடை பழக்கினார்கள். என் தலையிலிருந்து மட்டும் புத்தகம் கடைசிவரை விழவில்லை. ராணிக்கு வேறு யாரிடம் போவாள்? சாம்பல் நிறப் பட்டு உடுத்தி ஒன்பது முறை இறங்கினேன்.

மார்ச் 7

முழங்கால் வலி. யாரிடமும் சொல்லவில்லை.

மார்ச் 15, சனி

மகன் உளறிவிட்டான். "அம்மா, உன் வாத்து ரெடி! திங்கட்கிழமை டைரக்டர் பார்க்கறார்."

வாத்தா?

சூனியக்காரி ராணியை வாத்தாக்கிவிடுகிறாளாம். ராணி அதை ஒப்புக்கொள்ளாமல் ராணி போலவே நடக்கிறாளாம். அதுதான் சிரிப்பாம். என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? இந்த வயசுல நான் வாத்தா?

"சொன்னா நடக்க மாட்டீங்கன்னு பயந்துட்டேன், அத்தை," என்றாள். "வேண்டாம்னா சொல்லுங்க, அழிச்சிடறேன். காட்சி போனா போகட்டும்."

நடந்திருக்க மாட்டேன்தான். ஆனாலும்! கதவைச் சாத்திக்கொண்டேன். அவர் உயிரோடு இருந்திருந்தால் ஒரு வாரம் 'குவாக் குவாக்' என்றே என்னைக் கூப்பிட்டிருப்பார். அதை நினைத்ததும் சிரிப்பு வந்து கோபத்தைக் கெடுத்துவிட்டது.

மார்ச் 16, ஞாயிறு

காலையில், "காட்டு பார்க்கலாம்," என்றேன். குட்டைக் கால்கள், குண்டு உடம்பு. ஆனால் அந்தக் கழுத்து! என் கழுத்தேதான். ஒரே ஒரு பிழை: மூன்றாம் படியில் வாத்து குனிந்து பார்க்கிறது.

"நான் எங்கே கீழே பார்த்தேன்?"

"இல்ல அத்தை, விழுந்துடுமேன்னு நானே..."

"விழாது. ராணி பார்க்க மாட்டாள். திருத்து."

நம்பவில்லை. மறுபடி இறங்கிக் காட்டினேன். மாலைக்குள் திருத்திவிட்டாள்.

மார்ச் 17, திங்கள்

மதியம் போன். "அத்தை, ஓகே ஆயிடுச்சு! மூணாவது படியில டைரக்டர் விழுந்து விழுந்து சிரிச்சார்!" அழுகிறாளா சிரிக்கிறாளா தெரியவில்லை. நிதானமாகப் பேசு என்றேன்.

மார்ச் 20

சூனியக்காரிக்கும் நடை வேண்டுமாம். கூன் போட வேண்டுமாம். நானா, கூனா? முடியாது என்று சொல்லியிருக்கிறேன்.

அறையைத் தாளிட்டுக்கொண்டு, கண்ணாடி முன் ஒருமுறை போட்டுப் பார்த்தேன். மோசமில்லை.