லாரிக் கதவில் அவள் பெயர்

ரஜ்விந்தருக்கு,

போனில் பேச வேண்டாம் என்றுதான், ஊருக்கு வரும் நண்பர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். நான் நன்றாகத்தான் இருக்கிறேன். கலிபோர்னியாவில் இப்போது பாதாம் பூத்திருக்கிறது.

இதைப் படித்ததும் குழந்தை ஜப்னீத்தைக் கூட்டிக்கொண்டு லூதியானாவில் உன் அண்ணன் வீட்டுக்குப் போய்விடு. அவர் ஏன் என்று கேட்டால், வீட்டுக்கு வெள்ளையடிக்கிறோம் என்று சொல். பள்ளிக்கூடத்தில் எதுவும் சொல்லாதே.

சொந்த லாரி வாங்கியதும் கதவில் அவள் பெயரைப் பெரிதாக ஒட்டினேனே, நினைவிருக்கிறதா? இங்கே நம் பஞ்சாப் ஆட்கள் லாரிக் கம்பெனிக்குப் பிள்ளைகள் பெயரைத்தான் வைக்கிறார்கள். நீதான் திட்டினாய்: "பொண்ணு பேர ரோடு ரோடா இழுத்துட்டுப் போறீங்களே, கண்ணு பட்டுடாதா?" நான் சிரித்தேன்.

எனக்குச் சரக்கு பிடித்துத் தரும் புரோக்கர் நம் ஜில்லாக்காரன். செவ்வாய்க்கிழமை சீல் வைத்த பெட்டி ஒன்றைக் காட்டினான். "உள்ள என்னன்னு பாக்காம ஏத்த மாட்டேன்" என்றேன். அவன் கோபப்படவில்லை. கதவில் இருந்த எழுத்துகளை விரலால் தடவினான்.

"ஜப்னீத். அழகான பேரு அண்ணே. இப்பவும் அந்த மஞ்சள் வேன்லதான் ஸ்கூலுக்குப் போறாளா?"

வேனைப் பற்றி நான் அவனிடம் சொன்னதே இல்லை. பெட்டியை ஏற்றிக்கொண்டேன்.

நேற்று அவள் பெயரைச் சுரண்டி எடுத்துவிட்டேன். இரண்டு கோடை வெயிலில் கதவு முழுக்க வெளுத்துப்போயிருக்கிறது. எழுத்து இருந்த இடம் மட்டும் வெளுக்கவில்லை. தூரத்திலிருந்தே படிக்க முடிகிறது.

உன் வீட்டுக்காரன்