என்னைக் கேட்காமல் மாற்றியது

உன் கணினியின் பின்பக்கம், இணைய வயர் செருகும் ஓட்டையின் மேல் நீ ஒட்டி வைத்திருந்த கோயோ இன்று காலை என் விரலோடு வந்துவிட்டது. முழங்கால் வலிக்கு நீ ஒட்டிக்கொள்வாயே, அதே மருந்துப் பிளாஸ்திரிதான். ஒரு தடவை நான் பிய்த்துவிட்டுத் திரும்ப ஒட்டியதால் பசை போய்விட்டது. முகர்ந்து பார்த்தேன். கற்பூர வாசம் கொஞ்சம் மிச்சம் இருந்தது. துடைக்கிற துணியைப் போட்டுவிட்டு உட்கார்ந்து எழுதுகிறேன். நீ போய் ஐந்து மாதம் ஆகிறது, அழுதுகொண்டு எழுதுவேன் என்று எதிர்பார்த்திருப்பாய். இல்லை, கோபத்தில்தான் எழுதுகிறேன்.

பாரோயில் உன் வீட்டைக் காலி செய்ய வந்த உன் மகள், "ஆன்ட்டி, இது பழைய குப்பை லா, தூக்கிப் போட்டுறவா?" என்று இந்தப் பெட்டியைக் காட்டிக் கேட்டாள். தொட்டால் தெரியும் என்றேன். பயந்துபோய் அவளே காரில் ஏற்றிக் கொடுத்தாள். இப்போது என் சாப்பாட்டு மேசையில் பாதியை அது பிடித்துக்கொண்டிருக்கிறது.

இயங்குதளத்தின் மேல் உனக்கு இருந்த பகை சாதாரணப் பகையா? ஆடித் திருவிழா அழைப்பிதழை நீயும் நானும் உட்கார்ந்து அடித்துக்கொண்டிருந்த அந்தக் காலை நினைவிருக்கிறது. உபயக்காரர் பெயர்களில் பாதிகூட முடியவில்லை. ஒரு வார்த்தை கேட்காமல் திரை நீலமாகி, 'புதுப்பிக்கப்படுகிறது, அணைக்க வேண்டாம்' என்று வட்டம் சுற்ற ஆரம்பித்தது. நீ இடுப்பில் கைவைத்துக்கொண்டு அதன் முன்னால் நின்றாய், கடன்காரனை வாசலில் மறித்தவள் மாதிரி.

"என் வீட்டுக்குள்ள பூந்து, என் சட்டி பானைய எல்லாம் இடம் மாத்தி வச்சிட்டு, எல்லாம் உங்க நல்லதுக்குத்தான்னு சொல்றான் பாரு. நான் கேட்டேனாடி இவன?"

ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தபோது பிரிண்ட் பொத்தான் வேறு எங்கோ போயிருந்தது. நாம் அடித்த பெயர்களும் இல்லை. அன்றைக்கே வயரைப் பிடுங்கி ஓட்டையைக் கோயோவால் அடைத்தாய். நான் பள்ளி அலுவலகத்தில் இருபது வருடம் கணினி பார்த்தவள் என்கிற திமிரில், "அப்டேட் போடலன்னா வைரஸ் வரும்டி" என்றேன். "வரட்டும். வைரஸ் திருடன்னு தெரிஞ்சு வரும். இவன் சொந்தக்காரன் மாதிரில்ல வர்றான்" என்றாய். நான் சிரித்தேன். அந்தச் சிரிப்புக்கு இப்போது என்னை நானே அறையலாம் போல இருக்கிறது.

அந்தப் பெட்டிக்குள் என்ன இருந்தது என்று நம் இருவருக்குத்தான் முழுதாகத் தெரியும். பெடாஸ் பக்கத்து நம் தோட்டத்தில், ஆற்றோரம் பழைய ரப்பர் மரங்களுக்கு நடுவில் புதைகாடு. கல்லறை கட்ட யாருக்கு வசதி இருந்தது? செத்தவர் பால் வெட்டியவர் என்றால் ரப்பர் பால் பிடிக்கிற அவருடைய மங்குக் கிண்ணத்தைத் தலைமாட்டில் கவிழ்த்துப் புதைப்பார்கள், அவ்வளவுதான் அடையாளம். அதுவும் நாலு மழையில் மண்ணுக்குள் போய்விடும். பெண்கள் புதைகாட்டுக்குப் போகிற வழக்கம் இல்லை. தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணியாக இருந்த நீயும் போனதில்லை. ஆனால் புதைத்துவிட்டுக் குளித்து வருகிற ஆண்களை மறுநாள் பெரட்டில், பெயர் கூப்பிடும் நேரத்தில், பிடித்துக்கொள்வாய். "எத்தனாவது நிரை? எத்தனாவது மரம்? ஆத்துப் பக்கமிருந்து எண்ணுனியா, ரோட்டுப் பக்கமிருந்தா?" என்று கேட்டு எழுதிக்கொள்ளாமல் யாரையும் வேலைக்கு விட்டதில்லை. கண்ணால் பார்க்காத ஓர் இடத்தை மரத்தின் எண்ணிக்கையாலேயே முழுதாகத் தெரிந்து வைத்திருந்தாய். ஆபீஸ் மூடியபோது நோட்டுகளைக் கரையான் தின்பதற்குள் அத்தனையும் கணினியில் ஏற்றிவிட்டாய். இருநூற்றுச் சொச்சம் பேர்.

அதில் ஒருத்தி என் மகள். மூன்று நாள் இருந்தாள். பெயர் வைக்கவில்லை. என் வீட்டுக்காரர் துண்டில் சுற்றி எடுத்துப்போனார், வெறுங்கையோடு திரும்பி வந்தார். எங்கே என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அவரும் போய்ச் சேர்ந்து பன்னிரண்டு வருடம் ஆகிறது. என் பிள்ளை எந்த மரத்தடியில் கிடக்கிறாள் என்பதற்கு உலகத்தில் மிஞ்சியிருந்த ஒரே சாட்சி உன் பட்டியல்.

தோட்டத்தை வாங்கிய வீடமைப்புக் கம்பெனி நோட்டீஸ் ஒட்டியபோது நீதான் எனக்குப் படித்துக் காட்டினாய். பெயரும் இடமும் தெரிந்த குழிகளை மட்டும் தனித்தனியாகத் தோண்டி எடுத்து, நகரத்து இடுகாட்டில் தனி இடம் தருவார்கள். பெயரில்லாதவை எல்லாம் ஒரே குழியில் போகும். பழைய கிராணியின் பட்டியலை ஏற்றுக்கொள்வதாகச் சொன்னார்கள். கெடு அடுத்த மாதக் கடைசி. நீ படித்து முடித்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, "ஒரே குழியாமே. பாத்துக்குறேன் இவனுங்கள" என்றாய். நீ என்ன செய்யப்போகிறாய் என்று அப்போது நான் கேட்கவில்லை.

அடுத்த வாரமே உன் சிறுநீரகம் உன்னைக் கட்டிலில் போட்டது. சிரம்பான் மருத்துவமனையில் கையில் குழாயோடு படுத்துக்கொண்டு வீட்டுச் சாவியை என்னிடம் கொடுத்தாய். "பென்டிரைவ்ல எடுத்துக்கிட்டுப் போயி பிரிண்ட் போடு. வயர மட்டும் செருகாத, சொல்லிட்டேன்."

செருகினேன். உன் மேசையில் பென்டிரைவ் கிடைக்கவில்லை. கடைக்குப் போய் ஒன்று வாங்க எனக்குப் பொறுமையில்லை. மின்னஞ்சலில் எனக்கே அனுப்பிக்கொண்டால் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும் என்று நினைத்தேன். கோயோவைப் பிய்த்தேன், வயரைச் செருகினேன். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. இத்தனை வருடம் பட்டினி கிடந்த பேய் அத்தனையையும் ஒரே வாயில் தின்ன ஆரம்பித்தது. காலை பத்து மணிக்குச் சுற்றத் தொடங்கிய வட்டம் மத்தியானம் வரை சுற்றியது. நான் அதன் முன்னால் உட்கார்ந்து கெஞ்சினேன், திட்டினேன், பிளக்கைப் பிடுங்கப் போய்ப் பயந்து கையை எடுத்தேன். கடைசியில் புது முகத்தோடு எழுந்து வந்து எனக்கு 'வணக்கம்' சொன்னது.

உன் தமிழ்த் தட்டச்சு மென்பொருள் இந்தப் பதிப்புக்கு ஒத்துவராது என்று அதை நீக்கிவிட்டிருந்தது. நீ பழைய தட்டச்சு எந்திர விசைமுறையில், பழைய எழுத்துருவில் அடித்தவள். யூனிகோடுக்கு மாறச் சொல்லி நான் எத்தனை தடவை தொல்லை கொடுத்திருப்பேன். பட்டியலைத் திறந்தேன். கட்டம் கட்டமாக, கோணல் கோணலான ஆங்கிலக் குறிகளாக இருநூற்றுச் சொச்சம் வரி. ஒரு பெயர் இல்லை. என் மகள் எந்த வரியில் இருக்கிறாள் என்றுகூடத் தெரியவில்லை. வாய்விட்டு அலறினேன். பக்கத்து வீட்டு மலாய் அம்மா ஓடிவந்து என்ன ஆச்சு என்று கேட்டாள். கம்ப்யூட்டர் என்றேன். அவளும் தலையில் அடித்துக்கொண்டாள், அவள் வீட்டிலும் அப்படித்தானாம்.

சாயங்காலம் உன்னைப் பார்க்க வந்தேன். நீ கண்ணைத் திறக்காமலே கேட்டாய்: "பிரிண்ட் எடுத்திட்டியா?"

"எடுத்திட்டேன்."

"எல்லா பேரும் வந்திச்சா?"

"வந்திச்சு லா, தூங்கு."

நாற்பது வருடப் பழக்கத்தில் உன்னிடம் நான் சொன்ன பெரிய பொய் அது. மூன்றாம் நாள் நீ போய்விட்டாய்.

உன் காரியம் முடியும் வரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். முடிந்த மறுநாளே பெட்டியைத் தூக்கிக்கொண்டு சிரம்பான் கடைக்குப் போனேன். கடைக்காரர் திறந்து பார்த்துவிட்டு, "மெஷின் பழசு கா. இதுக்கு அடுத்த வெர்ஷன் ஏறாது. புதுசு ஒண்ணு எடுத்துருங்க" என்றார். கேட்காமல் உள்ளே வந்து குடியைக் கெடுத்தது அவன். அதற்குப் பரிகாரமாக அவனுடைய அடுத்த பதிப்புக்கு நான் புது வீடு கட்டிக் கொடுக்க வேண்டுமாம். "இவன் இல்லாம வேற எதுவும் இல்லியா?" என்று கேட்டேன். "இருக்கு, இலவசமா கிடைக்கிறது. ஆனா அது கம்ப்யூட்டர் படிச்சவங்க போடுறது கா" என்றார். அந்த ஒரு பேச்சு போதுமாக இருந்தது எனக்கு. பெட்டியைத் திரும்பக் காரில் வைத்தேன்.

நான்கு நாள் பள்ளிப் பிள்ளை மாதிரி படித்தேன். காணொளிகளை நிறுத்தி நிறுத்திப் பார்த்துக் குறிப்பு எடுத்தேன். புதிய இயங்குதளத்தைப் பென்டிரைவில் ஏற்றுவதில் இரண்டு தடவை தோற்றேன், மூன்றாவது தடவை ஏறியது. அதற்கு முன் உன் கோப்புகள் அத்தனையையும் வேறொரு வட்டில் எடுத்து வைத்தேன். இரண்டு பிரதி, ஒன்று சாமி அலமாரியில். பிறகு உட்கார்ந்தேன். 'இந்த வட்டில் உள்ள அனைத்தும் அழிக்கப்படும். தொடரவா?' என்று அது கேட்டது. கவனித்தாயா, கேட்டது! உடனே அழுத்தவில்லை. எழுந்து போய்க் காப்பி கலந்து எடுத்து வந்தேன். ஒரு வாய் குடித்தேன். "உங்க நல்லதுக்குத்தான்" என்று அந்தப் பழையவனிடம் சத்தமாகச் சொல்லிவிட்டு அழுத்தினேன். அது துடைக்கப்படுவதைக் கடைசிவரை கண் எடுக்காமல் பார்த்தேன். வாழ்க்கையில் அவ்வளவு இனிமையாக வேறெதையும் நான் அழித்ததில்லை.

உன் கோப்புகளுக்குள் 'தொடாதே' என்று ஒரு ஃபோல்டர் இருந்தது. உன் எழுத்துருவைத் தனியாக எடுத்து அதில் பதுக்கி வைத்திருந்தாய். அதைப் புதியதில் நிறுவி, பட்டியலைத் திறந்தேன். கட்டமெல்லாம் போய், தமிழ் வந்து நின்றது. எழுத்துருவை மட்டும் போட்டிருந்தால் பழையதிலேயே தெரிந்திருக்கும், இவ்வளவு பாடு தேவையில்லை என்று பிற்பாடு ஒருவர் எனக்கு விளக்கம் சொன்னார். இருக்கட்டும். தெரிந்திருந்தாலும் அழித்திருப்பேன்.

ஒவ்வொரு வரியாகக் கீழே வந்தேன். ஏழாம் நிரை, நான்காம் மரம், ரோட்டுப் பக்கமிருந்து. மங்கு இல்லை. தகப்பன் பெயர் என் வீட்டுக்காரருடையது. பெயர் இருக்க வேண்டிய கட்டத்தில் உன் பெயர் இருந்தது.

முதலில் ஏதோ பிழை, எழுத்துரு சரியாக ஏறவில்லை என்றுதான் நினைத்தேன். மேலே போய்ப் பார்த்தேன். பெயர் வைப்பதற்கு முன் போன பிள்ளைகள் ஒன்பது பேர். முன்பெல்லாம் 'இன்னாருடைய குழந்தை' என்று நீ எழுதியிருந்ததை நானே பார்த்திருக்கிறேன். இப்போது ஒன்பது பேருக்கும் பெயர் இருந்தது. தேன்மொழி, இளவரசன், பூங்கோதை என்று உனக்குப் பிடித்ததையெல்லாம் வைத்திருந்தாய். கோப்பை நீ கடைசியாகத் திருத்திய நாள் நோட்டீஸ் வந்த நாள். பார்த்துக்கொள்கிறேன் என்றாயே, இதைத்தான் செய்திருக்கிறாய். மற்ற எட்டுப் பேருக்கும் ஏதோ ஓர் அழகான பெயர், என் பிள்ளைக்கு மட்டும் உன்னுடையது.

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. கேட்காமல் மாற்றுகிறான் என்று வாழ்நாள் முழுக்க அவனைத் திட்டினாயே, நீ மட்டும் என்னடி செய்தாய்? முப்பது வருடம் நான் பெயர் சொல்லாமல் வைத்திருந்த பிள்ளை. ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? அழித்துவிட்டு நானே வேறு பெயர் போடலாம் என்று விசைப்பலகையில் கை வைத்தேன். வேறு ஒரு பெயரும் எனக்கு வரவில்லை. அன்று மத்தியானம் சமைக்கவும் இல்லை.

கம்பெனி அதிகாரியிடம் பட்டியலை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். தலைக்கவசம் போட்ட நம்மவர்தான். "குடுத்துட்டுப் போங்க கா, நாங்க பாத்துக்குறோம்" என்றார்.

"நீங்க பாத்துக்குற லட்சணம் தெரியும். என்கூட நடங்க."

அவர் கடியாரத்தைப் பார்த்தார். நான் நகரவில்லை. நீயும் நானும் கால் வைக்காத அந்தப் புதைகாட்டுக்குள் முதல் தடவையாகப் போனேன். முதல் நிரையிலிருந்து கடைசி நிரை வரை, ஒரு மரம் விடாமல் அந்த மனிதரை வெயிலில் எண்ண வைத்தேன். நீ சொன்ன இடத்தில் குச்சியால் கிளறினால் மங்கு தட்டுப்பட்டது. நாலைந்து தடவை தட்டுப்பட்ட பிறகு அவரே முன்னால் போய் எண்ண ஆரம்பித்தார். ஏழாம் நிரையில் நான்காவது மரத்தடியில் நின்று தாளில் பார்த்தார்.

"இதுல மங்கு இல்லன்னு போட்டிருக்கு. பேரு என்ன கா, சரியா சொல்லுங்க."

உன் பெயரைச் சொன்னேன். எழுதிக்கொண்டார்.

"அவங்க உங்களுக்கு என்ன வேணும்?"

"எம் மக."

போன மாதம் அவளுக்குத் தனி இடம் கிடைத்தது. சின்னதாக ஒரு கல், அதில் அந்தப் பெயர். மற்ற எட்டுப் பிள்ளைகளுக்கும் கிடைத்தது. பெயரில்லாதவர்களுக்காக வெட்டிய குழி காலியாகவே மூடப்பட்டது. அதைப் பார்த்துவிட்டுத்தான் அங்கிருந்து கிளம்பினேன்.

உன்னிடம் சொன்ன பொய்யை உண்மையாக்கிவிட்டேன், ஆனால் நீ அதைப் பொய் என்று அறியாமலே போனதை என்னால் மாற்ற முடியவில்லை. அது என்னோடுதான் இருக்கும். நீ கேட்காமல் செய்ததற்கும் இன்னும் மன்னிப்பு இல்லை. கேட்டிருந்தால் வேண்டாம் என்று சொல்லியிருப்பேன், அது தெரிந்துதான் நீ கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை விளக்கு வைக்கும்போது ஒரே பெயரைத்தான் சொல்கிறேன். அதில் கொஞ்சலும் இருக்கிறது, திட்டும் இருக்கிறது. யாருக்கு எது என்று நீங்கள் இருவரும் பிரித்துக்கொள்ளுங்கள்.