மூன்றாம் கட்டில்காரரின் சிரிப்பு

ஜனவரி 12, 1997

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். என் இடது முழங்கால் மட்டும் எங்களோடு சேராமல் தனிக்கட்சி நடத்துகிறது. நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா? ஆவணக் காப்பகத்துத் தூசியைத் தின்றே வயிறு நிரம்பிவிடுகிறதா?

பழைய சிறைச்சாலையைச் சுற்றிக்காட்டும் வேலை ஜோராகப் போகிறது. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் சரித்திரம் சொல்கிறேன், ஜனங்கள் சீட்டு வாங்கிக்கொண்டு கேட்கிறார்கள்! கண்டக்டர் வேலை பார்த்த வாய் இன்னும் மாறவில்லை. நேற்றுகூட, தூக்குமேடைக்குப் பக்கத்தில் நின்றவர்களைப் பார்த்து, "முன்னாடி போங்க, முன்னாடி எடம் நெறைய இருக்கு" என்று சொல்லித் தொலைத்துவிட்டேன்.

போனமுறை வந்தபோது காய்ச்சல் வார்டைப் பற்றிச் சொன்னாயே, கைதிகளைக் கொசு கடிக்கவிட்டு மலேரியாவுக்கு மருந்து சோதித்தார்கள் என்று? மூன்றாம் கட்டிலில் இருந்தவர் ஜுர வேகத்தில் விடாமல் சிரித்தார் என்றாயே? அதை அப்படியே பிடித்துக்கொண்டேன். கூட்டத்தில் ஒருவரைக் கட்டிலில் படுக்க வைப்பேன். டீ வடிகட்டியைக் கவிழ்த்து அவர் கையில் அழுத்தி, அதுதான் கொசுக்கூண்டு என்பேன். கொசு மாதிரி ஒரு ரீங்காரம். அப்புறம் ஒரு சிரிப்பு சிரிப்பேன் பார், வார்டே அதிரும்! மேனேஜர் வாசல்வரை வந்து எட்டிப் பார்க்கிறார்.

வடிகட்டியை அம்மா வீடு முழுக்கத் தேடிக்கொண்டிருக்கிறாள். காட்டிக்கொடுத்துவிடாதே.

அன்புடன்,
அப்பா

ஜனவரி 20

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். சாப்பிடுகிறேன்.

அந்த விளையாட்டை நிறுத்திவிடுங்கள் அப்பா. கோபத்தில் சொல்லவில்லை. நான் அரைகுறையாகச் சொன்னதுதான் தப்பு.

அப்போது இரண்டாம் உலகப் போர்க்காலம். காட்டில் சண்டை போட்ட சிப்பாய்கள் குண்டு பட்டு விழுந்ததைவிட மலேரியாவில் விழுந்தது அதிகம். மருந்து உடனே வேண்டும், சோதித்துப் பார்க்க உடம்பும் வேண்டும். நம் சிறையில் மட்டும் நடந்ததாக நினைக்காதீர்கள். ஒன்றோடொன்று சண்டை போட்ட நாடுகள்கூட இந்த ஒரு விஷயத்தில் ஒரே மாதிரிதான் யோசித்தன: பூட்டின கதவுக்குப் பின்னால் இருப்பவனைப் பிடி. தண்டனை குறையும் என்றார்கள், கைதிகள் சரி என்றார்கள். உள்ளே கிடப்பவன் சொல்லும் "சரி"க்கு என்ன அர்த்தம் என்று யாரும் கேட்கவில்லை. அந்த மாதிரிச் சோதனைகளில் தேறிய மாத்திரையை விழுங்கித்தான் சின்ன வயதில் நானும் பிழைத்தேன். அதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது.

மூன்றாம் கட்டில்காரருக்கு அப்போதுதான் ஒரு பெண் குழந்தை பிறந்திருந்தது. சீக்கிரம் வெளியே போய் அதன் முகத்தைப் பார்க்கலாம் என்றுதான் அவர் கட்டிலில் ஏறினார். இறங்கவில்லை.

அவர் சிரித்தார் என்பதுகூட டாக்டர் எழுதிவைத்த ஒரு வரிதான். அதற்குமேல் யாருக்கும் எதுவும் தெரியாது.

மகள்

ஜனவரி 29

அன்பு மகளுக்கு,

உன் கடிதத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "உங்க வாயைத்தான் மொதல்ல அந்த ஜெயில்ல போடணும்" என்றாள். தீர்ப்பு சரிதான், நான் மேல்முறையீடு செய்யவில்லை.

நிறுத்திவிட்டேன் மகளே. வடிகட்டியும் சமையலறைக்குத் திரும்பிவிட்டது. இனிமேல் நீ எழுதியதை அப்படியே சொல்வேன். கவலைப்படாமல் இந்தச் சிறையைப் பற்றிய உன் புத்தகத்தை எழுது.

அப்பா

பிப்ரவரி 17

அன்புள்ள அப்பா,

ஒரு சந்தோஷமான செய்தி. மூன்றாம் கட்டில்காரரின் மகளைக் கண்டுபிடித்துவிட்டேன்! தையல் கடை வைத்திருக்கிறார், ஐம்பது தாண்டியவர். அப்பாவைப் பற்றி அவருக்கு ஒன்றுமே தெரியாது. ஒரு போட்டோகூட இல்லை. நான் சொல்லச் சொல்ல, தைத்துக்கொண்டிருந்த துணியை மடியில் போட்டுக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

வார்டைப் பார்க்க வேண்டும் என்றார். "எங்கப்பா அங்கேதான் இருக்காங்க, பதமா கூட்டிட்டுப்போய் காட்டுவாங்க" என்று தைரியமாகச் சொல்லி அனுப்பியிருக்கிறேன். அடுத்த வாரம் என்றைக்காவது வருவார். பார்த்துக்கொள்ளுங்கள்.

மகள்

பிப்ரவரி 28

அன்பு மகளுக்கு,

நலம். தையல்காரம்மா வந்தார்கள். எல்லாம் சுற்றிக் காட்டினேன், குடிக்கத் தண்ணீர் கொடுத்தேன், பேருந்து ஏற்றிவிட்டேன். நல்லபடியாகப் போனார்கள்.

இங்கே வெயில் இப்போதே மண்டையைப் பிளக்கிறது. அம்மா உன்னை விசாரித்தாள். வேறு விசேஷம் இல்லை.

அப்பா

மார்ச் 9

அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தில் எப்போதும் ஒரு கேலியாவது இருக்கும். இந்தமுறை ஒன்றுகூட இல்லை. அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

தையல்காரம்மா என் அறைக்கே வந்துவிட்டார். முகமெல்லாம் வெளிச்சம். "ஒங்கப்பா தங்கமான மனுசன்மா. எங்கப்பா படுத்திருந்த கட்டில்லயே என்னைப் படுக்க வச்சாரு. எங்கப்பா எப்படிச் சிரிச்சாருன்னும் சிரிச்சுக் காட்டுனாரு. நெசமாவே இப்படித்தான் சிரிப்பாராண்ணேன்னு கேட்டேன். ஆமான்னாரு" என்றார். பிறகு எனக்காக அவரே ஒருமுறை சிரித்துக் காட்டினார்.

அது உங்கள் சிரிப்பு அப்பா. சின்ன வயதில் என்னைத் தூக்கிப் போட்டுப் பிடிக்கும்போது சிரிப்பீர்களே, அதே சிரிப்பு. கடைசியில் மூச்சை இழுத்து ஒரு விக்கல் போடுவீர்களே, அதுகூட இருந்தது.

நான் உண்மையைச் சொல்லவில்லை. அந்த முகத்தைப் பார்த்துத் தலையை ஆட்டினேன். உங்கள் பொய்க்கு இப்போது நான் காவல் நிற்கிறேன். வரும் ஞாயிற்றுக்கிழமை பேத்தியைக் கூட்டிக்கொண்டு மறுபடியும் அங்கே வருகிறார், அந்தச் சிரிப்பைக் கேட்கவைக்க.

நீங்களே சொல்லுங்கள். சொல்லும்வரை எனக்கு எழுத வேண்டாம்.

மகள்

மார்ச் 18

அன்பு மகளுக்கு,

சொல்லிவிட்டேன். அதனால் எழுதுகிறேன்.

நிறுத்திவிட்டேன் என்று உனக்கு எழுதியபோது அது உண்மைதான். கொஞ்ச நாள் ஒழுங்காகத்தான் சொன்னேன். கூட்டம் கொட்டாவி விட்டது. மேனேஜர், "என்ன பெரியவரே, ஒடம்புக்கு முடியலையா? பழைய கலகலப்பே காணோமே" என்றார். அது போதுமாக இருந்தது உன் அப்பாவுக்கு.

அந்த அம்மா அன்றைக்குத் தான் யார் என்று சொல்லாமல் பின்னால் நின்றிருந்தார்கள். வயதான பெண்களைப் படுக்கச் சொன்னால் கூட்டம் கூடுதலாகச் சிரிக்கும் என்பது என் தொழில் ரகசியம். "வாங்கம்மா, அரசாங்கச் செலவுல ஒரு தூக்கம் போடுங்க" என்று கையைப் பிடித்து அழைத்தேன். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுப் படுத்தார்கள். நான் ரீங்காரம் போட்டேன், சிரித்தேன். எல்லோரும் சிரித்தார்கள். அந்த அம்மா மட்டும் மேலே பார்த்தபடி, "இன்னொரு தடவை சிரிங்கண்ணே" என்றார்கள். பாராட்டு என்று நினைத்து இன்னும் பலமாகச் சிரித்தேன் மகளே. அதற்கப்புறம்தான் தான் யார் என்று சொல்லி, அவர் இப்படித்தான் சிரிப்பாரா என்று கேட்டார்கள். அந்த நேரத்தில் 'இல்லை' என்று சொல்லப் பெரிய படிப்பு ஒன்றும் வேண்டாம். எனக்கு வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பேத்தியோடு வந்தார்கள். கூட்டத்தை அனுப்பிவிட்டு வார்டு வாசலில் வைத்துச் சொன்னேன். "அம்மா, அது உங்கப்பா சிரிப்பு இல்ல. என் சிரிப்பு. ஜனங்க சிரிக்கணும்னு நானா சிரிச்சது."

திட்டுவார்கள் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை.

"அப்ப அவரு எப்படித்தான் சிரிச்சாரு?"

"தெரியாதும்மா. யாருக்கும் தெரியாது."

பேத்தியைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டு, "இவளுக்குச் சொல்லிக்குடுத்துட்டேனேண்ணே. ஒங்க கொள்ளுத் தாத்தா இப்படித்தான் சிரிப்பாருன்னு. இப்ப எப்படித் திரும்ப வாங்குறது?" என்றார்கள்.

பேருந்து நிறுத்தம்வரை பின்னாலேயே போனேன். பையை வாங்கக் கை நீட்டினேன். "வேண்டாம், நாங்களே ஏறிக்குவோம்" என்றார்கள். இந்தமுறை என்னை 'அண்ணே' என்று கூப்பிடவில்லை.

பேருந்து கிளம்பியது. அந்தச் சின்னப்பெண்ணுக்கு என்ன தெரியும், பாவம். ஜன்னல் வழியாக எனக்குக் கை காட்டினாள். அப்புறம் சிரித்தாள். கடைசியில் அந்த விக்கலும் போட்டாள்.

அப்பா