ஏரிக்கு வந்த மணல்

பிள்ளைகளின் அப்பாவுக்கு,

நாங்கள் நலம். மீகாங் ஆற்றில் மணல் அள்ளும் வேலைக்கு ஓய்வே இல்லை என்று எழுதியிருந்தீர்கள். சந்தோஷம்தான்.

இங்கே நம் ஏரியில் குழாய் வைத்து மணலைக் கொட்டுகிறார்கள். வெளிநாட்டுக் கம்பெனி மாடி வீடுகள் கட்டப் போகிறதாம். தண்ணீரில் மிதந்த நம் வள்ளைக்கீரைப் பாத்தியை மணல் மூடிவிட்டது. அந்த மாடி வீடுகளில் வட்டாரத் தலைவருக்கும் பங்கு உண்டு என்று ஊரே பேசுகிறது. அவரே வந்தார்.

"நாடு முன்னேறுது, நீங்க கீரையைக் கட்டிக்கிட்டு அழுவுறீங்களே!"

"உங்க மொட்டை மாடியில கீரை போட இடம் தருவீங்களா, ஐயா?" என்று கேட்டாள் பக்கத்து வீட்டுப் பல்லா. எல்லோரும் சிரித்தோம். மறுநாள் அவள் வீட்டைத்தான் முதலில் இடித்தார்கள்.

இப்போது மணல், ஏரிக்குள் நிற்கும் நம் வீட்டுத் தூண்களை மூடி, தரைப்பலகை வரை ஏறிவிட்டது. சின்னவள் அதில் சிப்பி பொறுக்குகிறாள். லீவுக்கு வரும்போது அவளுக்கு நீங்கள் கொண்டுவருவீர்களே, அதே ஆற்றுச் சிப்பி. நீங்கள் அள்ளுவது கப்பலேறி வெளிநாட்டுக்குப் போகிறது என்றுதானே உங்களிடம் சொன்னார்கள்?

வேலையை விட்டுவிடாதீர்கள். வேறு வருமானம் ஏது?

புத்தாண்டுக்கு வரும்போது படகு தேட வேண்டாம். கரையிலிருந்து வீடு வரை நடந்தே வரலாம். உங்கள் காலுக்குப் பழகிய மணல்தான்.

இப்படிக்கு,
பிள்ளைகளின் அம்மா