எட்டு ஓட்டை வரிசை

தாபோடி, புணே
15 செப்டம்பர் 2025

ரஞ்சன்காவ் ஹாஸ்டல் மகாராணி தீபா அக்காவுக்கு,

இதனால் சகலருக்கும் அறிவிப்பது: நம் வீட்டு டிவி ரிமோட்டின் பின்மூடி நேற்று மாலை காலமானது. ரப்பர் பேண்ட் பதவியேற்றுள்ளது. பரீட்சை முடியும்வரை என் போன் அப்பாவின் பீரோவில் சிறைவாசம். ஆகவே காகிதம்.

அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு வேலைக்குப் போனாய், கணபதிக்குக்கூட வரவில்லை. யாருக்கு நஷ்டம்? உன் கட்டில், உன் ஃபேன், உன் பங்கு மோதகம் எல்லாம் எனக்கே.

நீ விட்டுப்போன, உன் ப்ரோக்ராமை ஓட்டை ஓட்டையாகக் குத்திவைத்த காகித டேப்பை, துரைசாமி மாமா ஓட்டும் உன் கம்பெனி பஸ்ஸில் அனுப்புகிறேன். ஞாயிற்றுக்கிழமை மகர்பட்டா கண்காட்சியில், உன் கூட்டாளிகள் தூசி தட்டி எழுப்பிய அந்தக் கிழட்டுக் கம்ப்யூட்டர் அதைத் தின்னட்டும். ஆரம்பத்தில் வெற்றிடம் நிறைய இருந்ததால் ஓட்டை போடும் உன் பஞ்ச் கருவியாலேயே ஒரு சித்திரம் குத்தியிருக்கிறேன். பதறாதே. "எட்டு ஓட்டையும் குத்திய வரிசை வந்தா, அதுக்கப்புறம் இருக்கறத மெஷின் கண்டுக்காது" என்று உன் கூட்டாளி ஸ்நேஹாவிடம் நீ போனில் சொன்னதை ஒட்டுக்கேட்டவன் நான். முதலில் அந்த வரிசை, பிறகு சித்திரம். ஓட்டைவாய் என்பாயே, இனி ஓட்டைக்கை என்று கூப்பிடு.

நிபுணன்
சூர்யா


ரஞ்சன்காவ்
17 செப்டம்பர்

டேய் நிபுணா,

நேற்று ஒத்திகை. டேப் முழுக்க ஓடித் தரையில் விழுந்தது, மெஷினுக்குள் ஒன்றும் போகவில்லை. எங்கள் கூட்டத் தலைவி ப்ரீதி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

எட்டு ஓட்டை வரிசை 'காதை மூடு'. இன்னொரு எட்டு ஓட்டை வரிசை வந்தால்தான் 'திற'. பாதியை ஒட்டுக்கேட்டால் இப்படித்தான். மூடினாய், திறக்கவில்லை. என் ப்ரோக்ராம் மொத்தமும் செவிட்டுக் காதில். சித்திரத்துக்குப் பிறகு இன்னும் இடம் இருக்கிறது, ஒரு வரிசை குத்தினால் போதும். பஞ்ச் கருவியை மாமாவிடம் கொடுத்தனுப்பு.

அதென்ன சித்திரம், பூரானா?

கொலைவெறியில்,
தீபா


தாபோடி
18 செப்டம்பர்

அக்கா,

மன்னிப்பெல்லாம் கிடையாது. பாதியாம்! வேண்டுமென்றேதான் திறக்காமல் விட்டேன். எல்லாம் திட்டம். காதை மூடினால் மூடினதுதான் என்று உட்கார்ந்திருக்கிற அந்த மெஷினும், நீயும், அப்பாவும் ஒரே ரகம். பஞ்ச் வராது. வேண்டுமானால் வீட்டுக்கு வந்து குத்திக்கொள்.

பணியாத
சூர்யா


ரஞ்சன்காவ்
19 செப்டம்பர், காலை

சூர்யா,

சிரிப்பு வரவில்லை. வீட்டில் ராத்திரி ராத்திரி தூங்காமல் எழுதிய ப்ரோக்ராம் அது. ஞாயிறு அது ஓடாவிட்டால் என் இடத்தில் வேறொருவர் நிற்பார். மிரட்டி என்னை வரவழைக்க அப்பாவாலேயே முடியவில்லை. இனி எனக்குக் கடிதம் போடாதே.

தீபா


தாபோடி
19 செப்டம்பர், சாயங்காலம்

அன்புள்ள அக்கா,

பஞ்ச் இத்துடன் இருக்கிறது, டவலில் சுற்றி. கடிதம் போடாதே என்றாய். இதைப் பார்சல் சீட்டு என்று வைத்துக்கொள்.

திட்டமும் இல்லை, மண்ணும் இல்லை. இரண்டாவது வரிசை ஒன்று உண்டென்றே எனக்குத் தெரியாது. உன் கட்டிலில் நான் படுப்பதில்லை, அம்மா விடுவதில்லை. உன் மோதகத்தை அப்பா டப்பாவில் போட்டு ஃப்ரிட்ஜில் வைத்திருந்தார். பூசணம் பிடித்த பிறகும் கொட்ட விடவில்லை.

அப்புறம், அது பூரான் இல்லை. 'வா' என்று எழுதினேன். டேப்பைப் படுக்கவைத்துப் பார். துணைக்கால் கொஞ்சம் கோணல்.

சூர்யா