கதவில் ஒட்டாத பெயர்

பாலக்கரை, திருச்சி
செவ்வாய் இரவு

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் மகள் பெலிண்டா வணக்கத்தோடு எழுதுவது. அம்மாவும் நானும் சுகமாக இருக்கிறோம். அம்மா தூங்கிவிட்டார்கள். நான் சமையலறையில் பீரோ மறைவில் உட்கார்ந்து டார்ச் வெளிச்சத்தில் எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் மன்னியுங்கள். போனில் சொல்லலாம்தான். ஆனால் வீட்டில் இருப்பது ஒரே போன், நீங்கள் பேசினால் அம்மா ஸ்பீக்கரில் போட்டுத் தெருவுக்கே கேட்க வைப்பார்கள். அதனால் இதை மடித்து, லாரிப் பெட்டியின் அடி அட்டைக்குக் கீழே வைக்கிறேன். கியாசுதீன் பாய் லீவு முடிந்து நாளைக் காலை விமானத்தில் தம்மாம் திரும்புகிறார். வெள்ளிக்கிழமை உங்கள் ரூமுக்கே வந்து பெட்டியைத் தருவதாகச் சொன்னார்.

போன கிறிஸ்துமஸுக்கு நீங்கள் அனுப்பினீர்களே, அந்த வெள்ளை பொம்மை லாரிதான் பெட்டியில் இருக்கிறது. அப்போது மொட்டையாக இருந்தது. இப்போது கதவில் கம்பெனி பெயர் பச்சையில், நெற்றியில் அரபி எழுத்து, பின்னால் சிவப்புப் பட்டை எல்லாம் ஒட்டிவிட்டேன். பிரிண்டரும், தண்ணீரில் நனைத்து ஒட்டுகிற டெக்கால் தாளும் வாங்கித் தந்த உங்களுக்கு எத்தனை நன்றி சொன்னாலும் போதாது. முதல் தாளில் பிரிண்ட் எடுத்ததும் வார்னிஷ் ஸ்ப்ரே அடிக்க மறந்து தண்ணீரில் போட்டேன், நினைவிருக்கிறதா? பச்சை மொத்தமும் கிண்ணத்தில் கரைந்துவிட்டது. நான் அழ, நீங்கள் சிரித்துக்கொண்டே, "தாளுதானே கண்ணு, இன்னும் ஒரு கட்டு அனுப்புறேன்" என்றீர்கள். சொன்னபடியே அனுப்பினீர்கள். ப்ளஸ் ஒன் படிக்கிற பெண் பொம்மை லாரிக்கு ஸ்டிக்கர் ஒட்டுகிறாளே என்று நீங்கள் ஒரு நாளும் கேட்டதில்லை.

இனி எழுதப்போவதைக் கோபப்படாமல் படியுங்கள் அப்பா.

எழுத்தை அச்சு அசலாக வரைய, நீங்கள் அனுப்பிய போட்டோக்களைத் திரை நிறையப் பெரிதாக்கிப் பார்க்க வேண்டும். முதல் போட்டோவைப் பார்த்து நம்பர் பிளேட் செய்தேன். என் சுண்டுவிரல் நகத்தில் பாதிதான் இருக்கும். ஒட்டிய பிறகு அடுத்த போட்டோவோடு சரிபார்த்தால் நம்பர் வேறு. நான்தான் தப்பாக எழுதிவிட்டேன் என்று உரித்தெடுத்து மறுபடி அடித்தேன். மூன்றாவது போட்டோவில் இன்னொரு நம்பர். அந்த ஞாயிற்றுக்கிழமை உங்களிடம் எதைப் போடுவது என்று கேட்டேன். "ஏதாவது ஒண்ணு போடும்மா" என்றீர்கள். காந்தி மார்க்கெட்டுக்கு முதன்முதலில் ஓட்டிவந்த லாரியின் நம்பரை இன்றைக்கும் தூக்கத்தில் சொல்வீர்களே அப்பா. அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது.

பிறகு கதவை மட்டும் பக்கத்தில் நின்று எடுத்து அனுப்பினீர்கள். அதன் சைடு கண்ணாடியில் நீங்கள் தெரிகிறீர்கள். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ். தோளில் தண்ணீர்க் குழாய். பின்னால் வரிசையாக லாரிகள், எல்லாம் சொட்டச் சொட்ட நிற்கின்றன.

அம்மாவிடம் சொல்லவில்லை. போனிலிருந்து அந்தப் போட்டோவையும் அழித்துவிட்டேன். இப்படியே யாருக்கும் தெரியாமல் விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் ஸ்டீபன்ராஜ் மாமா வருகிற திங்கட்கிழமை பஸ் வேலையை விட்டு நிற்கப்போகிறார். உங்களை அனுப்பிய அதே ஏஜெண்ட்தான் அவரையும் டிரைவர் வேலை என்று சொல்லிக் கூப்பிடுகிறார். "மச்சான் ஓட்டுற ஊர்ல நான் ஓட்ட மாட்டேனா? இனிமே ஒட்டகத்துக்குத்தான் ஹாரன் அடிப்பேன்" என்று மாமா ஒரே கும்மாளம். அம்மாவும் சும்மா இல்லை. "முதல்ல ஸ்ரீரங்கத்துல அம்மாமண்டபம் ரோட்டு மாட்டை ஒதுக்கு, அப்புறம் ஒட்டகத்தைப் பார்க்கலாம்" என்று சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்றிரவு தூக்கமே வரவில்லை.

அங்கே கொடுத்தது ஓட்டுகிற வேலை இல்லை, கழுவுகிற வேலை என்று மாமாவிடம் நீங்களே சொல்லிவிடுங்கள் அப்பா. நான் சொன்னால் உங்களைக் காட்டிக்கொடுத்தது போல் ஆகும். ஞாயிறு இரவு வரை உங்கள் போனுக்காகக் காத்திருப்பேன். வரவில்லை என்றால் நானே சொல்லிவிடுவேன். அதற்கு இப்போதே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

வெட்கப்பட இதில் ஒன்றும் இல்லை அப்பா. தூசி இருந்தால் டெக்கால் ஒட்டாது. நான் ஒவ்வொரு முறையும் முதலில் லாரியைக் கழுவித் துடைப்பேன், அதுதான் பாதி வேலை. உங்கள் போட்டோக்களில் பாலைவனத்து லாரிகள் எப்படி இவ்வளவு பளபளப்பாக இருக்கின்றன என்று ஆச்சரியப்பட்டிருக்கிறேன். அவ்வளவு சுத்தமாக இருந்ததால்தான் அந்த அரபி எழுத்தை ஒரு புள்ளி விடாமல் என்னால் வரைய முடிந்தது. என் ஸ்கூல் பீஸ், இந்த பிரிண்டர், நான் தின்கிற சோறு எல்லாம் எங்கிருந்து வருகிறது என்று இப்போது எனக்குத் தெரியும். தெரிந்த பிறகு நன்றி கூடித்தான் இருக்கிறது.

அங்கே டிரைவர்கள் கதவுக் கைப்பிடிக்குக் கீழே பெயர் ஒட்டியிருப்பதைப் பார்த்து, 'சவரிராயன்' என்று உங்கள் பெயரையும் அடித்திருந்தேன். கதவில் ஒட்ட மனம் வரவில்லை. தனி உறையில் வைத்திருக்கிறேன். அரை நிமிடம் தண்ணீரில் போட்டு, தானாக நழுவும்போது விரலால் தள்ளுங்கள், இழுத்தால் கிழிந்துவிடும். உங்கள் வாளியில் ஒட்டினாலும் எனக்குப் பெருமைதான். நம்பர் பிளேட்டை வெறுமையாக விட்டிருக்கிறேன். திருச்சியில் நீங்கள் ஓட்டப்போகும் வண்டியின் நம்பரைத்தான் அதில் ஒட்டுவேன்.

ஸ்டியரிங் சூட்டில் கை வெடித்துவிட்டது என்று சொன்னீர்கள் அல்லவா, அம்மா தேங்காய் எண்ணெயும் கொடுத்தனுப்புகிறார்கள். வேலை முடிந்ததும் ஈரம் போகத் துடைத்துவிட்டுத் தடவுங்கள். மாதா உங்கள் இரண்டு கைகளையும் காக்கட்டும்.

உங்களை எதிர்பார்த்திருக்கும் மகள்,
பெலிண்டா